வீட்டை விற்க அத்தை போட்ட கையெழுத்து

அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய கைகள்தான். விரலிடுக்குகளில் சுண்ணாம்பு தின்ற புண்கள். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்தில் கடையில் சுண்ணாம்பு கிடைக்காது. கடற்கரையில் பொறுக்கி வந்த கிளிஞ்சல்களைக் கொல்லையில் சுட்டு நீற்றி, மண்ணெண்ணெய் டின்னில் கரைத்து, நசுக்கிய தென்னை மட்டையால் அவரே சுவருக்கு வெள்ளையடித்தார். புண் எரியும்போது கையை உதறிக்கொள்வார். விற்கப்போகும் வீட்டுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டதற்கு, அழுக்கு முகத்தோடு யார் வீட்டுக்கும் பெண்ணை அனுப்பமாட்டோம் அல்லவா என்றார்.

அது தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் மாமா கட்டிய வீடு. இடுப்பளவு கல் சுவர், அதற்கு மேலே பலகை, தகரக் கூரை. மாமா துறைமுகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏணி வைத்து ஏறிக் கூரையைத் தட்டிப் பார்ப்பார். குண்டு விழுந்த நாட்களில் எங்கோ வெடித்ததன் சில்லுகள் அந்தக் கூரையைச் சல்லடையாக்கின. அதைச் சரிசெய்யுமுன் மாமாவை ஜப்பான்காரர்கள் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ரயில் பாதை போடும் இடத்தில் கணக்கெழுத ஆள் வேண்டும், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்று சொன்னார்கள். போய் ஒன்றரை வருடமாகியும் ஒரு கடிதம் வரவில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா இல்லாத பெண் என்பதால், நிபோங் திபால் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பா என்னைப் படிக்க வைக்கத் தம் தங்கையிடம் விட்டிருந்தார். பள்ளிக்கூடம் மூடியபின் நானும் அத்தையும் சேர்ந்து அந்த வீட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தோம். டின்களை வெட்டித் தட்டிக் கூரை ஓட்டைகளை அடைத்தோம். கறையான் தின்ற பலகைக்குப் பதிலாகச் சமையலறை அலமாரியின் கதவைக் கழற்றி அடித்தோம். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். மழை வந்தால் அத்தை தூங்கமாட்டார்.

விற்பது என்று முடிவானது அத்தையின் மகனால். ஐந்து வயதுப் பிள்ளை. மரவள்ளிக் கிழங்கையே தின்று தின்று அவன் கால்கள் வீங்கின. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். அரிசிச் சோறு கொடுத்தால் பிழைப்பான் என்றார் மருந்தாளர். நிபோங் திபாலுக்கு வந்துவிடுங்கள், துண்டு நிலம் கிடைக்கும், நெல் போடலாம் என்று அப்பா சொல்லியனுப்பினார். சைக்கிள் சாமான் விற்கும் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்று கூப்பிடுவோம், வீட்டைப் பார்க்க வந்தார். புதுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், எதற்கும் குறை சொல்லவில்லை. ஜப்பான்காரன் அச்சடிக்கும் வாழைமர நோட்டு வேண்டாம், அரிசியாகவும் தங்கமாகவும் கொடுங்கள் என்றார் அத்தை. மூன்று மூட்டை அரிசிக்கும் இரண்டு வளையலுக்கும் தவுக்கே சம்மதித்தார்.

பத்திரம் எழுதப் போனபோதுதான் மனு எழுதுபவர் கையை விரித்தார்.

"வீடு உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கும்மா. ஒன்னு ஆள் வரணும். இல்ல, ஆள் இல்லேன்னு பேப்பர் வரணும். நடுவுல வேற வழி இல்ல."

ஆள் இல்லை என்று எழுத ஒரு சாட்சி வேண்டும். சயாமிலிருந்து ஓடி வந்த ஒருவர் பாகான் டாலாமில் ஒளிந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, நானும் அத்தையும் படகேறி அக்கரைக்குப் போனோம். சாக்குத் துணி கட்டிய ஒரு மனிதர் தடுமாறி எழுந்து உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே புண், அதன்மேல் வாழையிலை. மாமாவின் பெயரையும் அடையாளத்தையும் அத்தை சொன்னார். மாமாவின் வேலைக் கூட்டத்திலேயே தானும் இருந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். இறந்ததைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா என்று அத்தை கேட்டபோது, அவர் புண்மேலிருந்த வாழையிலையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"அக்கா, இத பேப்பருக்குக் கேக்குறீங்களா, உங்களுக்குக் கேக்குறீங்களா?"

எனக்காகத்தான் என்று அத்தை சொன்னால் போதும், உண்மை தெரிந்துவிடும். இறந்துவிட்டார் என்றால் அந்தக் கணமே எல்லாம் முடியும். உயிரோடிருக்கிறார் என்றால் கையெழுத்துப் போட முடியாது, பிள்ளை போய்விடுவான்.

"பேப்பருக்குத்தான்" என்றார் அத்தை.

அவர் தலையசைத்தார்.

கையெழுத்துப் போடும் நாளன்று காலையில் அத்தை கண்ணாடி முன் நின்று புடவைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தார். குங்குமம் முழுவதும் போகாமல் நெற்றியில் சிவப்பாகத் தங்கியது. என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நில அலுவலகத்தில் ஜப்பானிய அதிகாரி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சாட்சி, ஓடி வந்ததை மறைத்து, நோயாளி என்று திருப்பி அனுப்பப்பட்டவராகத் தன் பங்கைச் சொன்னார், அத்தை கையெழுத்திட்டார், முத்திரை விழுந்தது. வழக்கமாக முத்துமுத்தாக எழுதுகிறவருடைய பெயர் அன்று கோட்டிலிருந்து நழுவிக் கீழே இறங்கியிருந்தது.

அரிசி பிள்ளையைக் காப்பாற்றியது. ஒரு மாதத்தில் கால் வீக்கம் வடிந்து, நிபோங் திபாலில் வரப்பு மேல் ஓடினான். அத்தைக்குத்தான் வழி அடைபட்டுப் போனது. பொய்ச் சாட்சி என்று தெரிந்தால் எல்லோரையும் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் வெளியே அவர் விதவை. வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்திப் பொட்டு வைத்துக்கொள்வார். யாராவது கூப்பிட்டால் துடைத்துவிட்டுப் படியிறங்குவார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அவர் மாமாவைக் கொன்று உயிர்ப்பித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்ததும் ரயில் நிலையத்துக்குப் போய் நின்றோம். எலும்பும் தோலுமாக மனிதர்கள் இறங்கினார்கள். மாமாவின் பெயரைக் கேட்டவர்களெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் அத்தை மறுபடி பாகான் டாலாமுக்குப் போனார். இந்தமுறை தனக்காகக் கேட்கப் போனார். புண் புரையோடி அந்த மனிதர் செத்து ஆறு மாதமாகிவிட்டது என்றார்கள்.

அதன் பிறகாவது வெளியேயும் பொட்டு வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை சொன்னேன். "தவுக்கே நேர்மையா அரிசி குடுத்தாரு. நான் பொட்டோட நின்னா அவர் வீடு என்னாகும்?" என்றார். ஆண்டுகள் போகப்போக, காரணம் மறந்து பழக்கம் மட்டும் நின்றது.

எழுபத்தெட்டு வயதில் அத்தை இறந்தார். குளிப்பாட்ட வந்த பெண்கள், நெற்றிக்குத் திருநீறு எடுத்து வைத்திருந்தார்கள். நான் குங்குமச் சிமிழைக் கேட்டேன். ஊருக்கு அவர் நாற்பது வருடத்துக்கு மேலாக விதவை. ஒரு பெரியவர் தயங்கியபடி, தெரிந்துதான் செய்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? மாமா எந்தக் காட்டில், எந்த நாளில் விழுந்தார் என்று தெரியாது. விழுந்தாரா என்றே தெரியாது. அத்தை மகனைப் பார்த்தேன். தலை நரைத்துப்போன அந்தப் பிள்ளை, "வைங்க அக்கா" என்றான்.

வைத்தேன். பாடையைத் தூக்கினார்கள். படியருகே வந்ததும் என்னையறியாமல் என் கை, அந்தப் பொட்டைத் துடைக்கப் புடவைத் தலைப்பைத் தேடிப் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். வீட்டை விற்ற நாளிலிருந்து அன்றுதான் முதல்முறையாக அத்தை நெற்றியில் பொட்டோடு வாசலைத் தாண்டினார்.