தோற்பதற்காக எழுதிய இரண்டு கொட்டேஷன்கள்

நான் எழுதியதை வரி விடாமல் படித்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் என் நண்பன். இன்னொருவர் விஜிலன்ஸ் இன்ஸ்பெக்டர். வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதக் கடைசி. திருவனந்தபுரம் ஆரியசாலையில் எனக்கு மர நாற்காலிக் கடை. நண்பன் மலைப்பக்கத்துப் பஞ்சாயத்து ஒன்றில் செக்ரட்டரி. பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருவான். டீ குடித்துக்கொண்டே ஊரையும் உலகத்தையும் கிண்டலடிப்போம். அந்தச் சனிக்கிழமை மட்டும் முகம் வாடியிருந்தது.

"வாசகசாலைக்கு நாற்காலி வாங்கணும்டே. முப்பத்தொண்ணு தாண்டினா பண்டு லேப்ஸ். மூணு கொட்டேஷன் வேணும். உன்னோடத கொடு, வேற ரெண்டு கடையிலயும் கேட்டு வாங்கிக் கொடு."

எங்கள் தெருவில் இதற்கு யாரும் நடையாய் நடப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்பேடை எடுத்து நீட்டுவார். அவருக்குத் தேவைப்படும்போது நாம் நீட்டுவோம். அப்படி இரண்டு தாள் வாங்கி, தோற்க வேண்டிய இரண்டு கொட்டேஷன்களையும் நானே எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். படித்த திமிர் விடவில்லை. ஒரு கடைக்காரரை, தேக்கு விலை ஏறியதைச் சொல்லிக் கண்ணீர் விடவைத்தேன். இன்னொருவரை, 'விலை பார்ப்பவர்களுக்காக நாங்கள் நாற்காலி செய்வதில்லை' என்று முறுக்கிக்கொள்ள வைத்தேன்.

நண்பன் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "இந்த ரெண்டாவது ஆளு தோத்ததுல எனக்கே சங்கடமா இருக்குடே." பிறகு மூன்று விலையையும் ஒப்பிட்ட தாளில் கையெழுத்துப் போட்டான்.

ஒரு வருடம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று தாளையும் என் மேஜையில் வரிசையாக வைத்தார். "சாரே, இது மூணும் ஒரே ஆள் எழுதினதல்லே?"

நாற்காலிகள் உறுதியானவை, அவன் ஒரு பைசா தொடவில்லை என்று படபடத்தேன்.

"பைசா வாங்கினாரான்னு ஞான் கேட்டில்லல்லோ. அந்தப் பஞ்சாயத்து ஜங்ஷன்லயே ஒரு தச்சுப்பட்டறை இருக்கு. உங்களவிட கொறஞ்ச விலைக்குச் செய்யும். அந்தத் தச்சன்கிட்ட யாரும் கேக்கலை. அவன்தான் விஜிலன்ஸுக்குப் பராதி கொடுத்தது." தாளை விரலால் தட்டி, "இது கள்ளக் கொட்டேஷன்னு செக்ரட்டரிக்கு அறியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாக இருந்திருக்கும். பயத்தில் உண்மையைச் சொன்னேன். "படிச்சான். சிரிச்சான்."

என் வாழ்நாளில் நான் எழுதியதற்குக் கிடைத்த ஒரே பாராட்டு, அரசுத் தரப்பு ஆதாரமாகிவிட்டது. அவன் சஸ்பெண்ட் ஆனான்; கேஸில் முதல் பிரதி, முதல் குற்றவாளி. நான் மாப்புசாட்சி, அதாவது கோர்ட் மன்னித்துச் சாட்சியாக்கிக்கொண்ட ஆள். கூண்டில் ஏறி அதே இரண்டு வார்த்தைகளைச் சொன்னபோது அவன் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேஸ் ஆன நாளிலிருந்தே அவன் கடைக்கு வரவில்லை, போன் இல்லை. நான் கலங்கவில்லை. சாட்சியோடு பேசக்கூடாது என்று அவனுடைய ஜாமீனில் நிபந்தனை இருப்பதை வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். பாவம், பேச ஆசை இருந்தும் சட்டம் தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடையில் வேடிக்கையாக ஏதாவது நடந்தால் உடனே அவனுக்குச் சொல்வதுபோல மனதுக்குள் கோத்து வைத்துவிடுகிறேன். எங்கே நிறுத்தினால் சிரிப்பான், எந்த இடத்தில் டீயைக் கீழே வைப்பான் என்பதுவரை தெரியும். இத்தனை காலத்துச் சரக்கு அப்படியே தேங்கிக் கிடக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம் சாலைக் கடைத்தெருவில் அவன் மனைவியைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன். "தீர்ப்பு வந்து அந்த ஜாமீன் நிபந்தனை தீரட்டும்மா. மறுநாளே வீட்டுக்கு வரேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றேன்.

அவள் ஒரு காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது நீங்க சாட்சி சொல்லி முடியறவரைக்குந்தானே அண்ணா. தீர்ந்து ரெண்டு வருஷமாச்சே."