ஊரே வேண்டுமென்ற பள்ளிக்கூடம்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பிழைப்பவர்களே, கதவைத் திறப்பவர் முகத்தைப் பார்த்ததுமே 'நம்மை லோன்காரன் என்று நினைக்கிறார்' எனக் கண்டுபிடித்துவிடும் வித்தை நம் தொழிலில் முதல் நாளே கைவந்துவிடும். திருப்பதியில் ஒரு அரசியல் ஆய்வு அறக்கட்டளையில் நான் கள ஆய்வாளன். வட்டார சுயாட்சி, சிறுபான்மைப் பண்பாடு, இந்த இரண்டும்தான் எங்கள் சரக்கு. ஆந்திர எல்லையோரத் தமிழர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அறிந்துவர, அதே எல்லையிலுள்ள நகரி ஊர்த் தமிழன் என்பதால் என்னை அனுப்பினார்கள். அறிய எனக்கும் ஆசைதான்.

சுயாட்சி

வரதய்யபாளையம் பக்கம் ஒருவர் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். "வட்டார சுயாட்சி பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று தாளில் இருந்தபடியே கேட்டேன். கேள்வியை எழுதியவர் ஒருநாளும் வரப்பில் நின்று அதைக் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார். கடலைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க ஊர் விஷயத்தை உங்க ஊரே முடிவு பண்றதுங்க" என்று உடைத்துச் சொன்னேன். கையிலிருந்த செடியை உதறி, மண்ணைத் தட்டிவிட்டு, நிஜமாகவே யோசித்தார்.

"மோட்டாருக்குக் கரெண்டு எப்ப உடணும்னு நாங்களே முடிவு பண்லாம்னா, அது இன்னிக்கே வரட்டும் சார்."

தோள்பை

விஜயபுரம் மண்டலத்தில் ஒரு கிராமம். முதல் வீட்டுக்காரர் தெலுங்கில் வரவேற்றார். தெலுங்கு வீடு போலிருக்கிறது என்று நானும் தெலுங்கிலேயே ஆரம்பித்தேன். பாதி வழியில், வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்ற கேள்வி வந்தது. தமிழ் என்றார், அதையும் தெலுங்கிலேயே.

நானும் தமிழ்தான் என்றேன். இவ்வளவு நேரமாக இரண்டு தமிழர்கள் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றித் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் என் தோள்பையைக் காட்டினார்.

"பேக்கு மாட்டிக்கினு வந்தா ஆபீசுக்காரங்கதான். அவங்ககிட்ட தமிழ்ல பேசிக்கினு இருந்தா வேலை ஆவுமா?"

வேன்

அதே ஊரில் ஒரு தமிழ்த் தொடக்கப்பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் அதை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. செல்வி என்ற பெண்ணுக்கு அதே கவலை. அவள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளியைச் சேர்த்துவிட்டால், காலையில் அவள் பஸ் ஏறிப்போன பிறகு, லாரி ஓடுகிற ரோட்டை அவன் தனியாகத் தாண்ட வேண்டும்.

திருப்பதியிலிருந்து எங்கள் அறக்கட்டளையை நடத்தும் மேடமே கலந்துரையாடலுக்கு வந்தார். செல்வி வீடு வீடாகப் போய் ஊரையே திரட்டியிருந்தாள். பள்ளி இருந்தே தீர வேண்டும், தமிழ் எங்கள் உயிர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. இங்கிலீஷ் மீடியம் வேன். பிள்ளைகளை இறக்கிக்கொள்ள எல்லோரும் எழுந்து ஓடினார்கள். மேடம், நான், செல்வி, காலி நாற்காலிகள் மிச்சம். செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"மீட்டிங்குக்கு வந்த கூட்டத்துல பாதி இஸ்கூலுக்கு வந்திருந்தா, இந்த மீட்டிங்கே வேணாமே சார்."

நல்ல செய்தி

ஜூன் மாதம் பள்ளி திறக்கிற சமயம், இந்த வருஷம் அதை மூடப்போவதில்லை என்று தெரியவந்தது. எங்கள் அறிக்கையால்தான் என்று மேடம் நம்புகிறார், நம்பட்டும். செய்தியைச் செல்வியிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே போய் நின்றேன்.

அவள் மகனுக்கு டை கட்டிக்கொண்டிருந்தாள். வேன்காரப் பள்ளியின் டை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதற்காகவா அவ்வளவு அலைந்தாய் என்று கேட்டேவிட்டேன். அவள் முடிச்சை இறுக்கிவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இஸ்கூலு இருக்குது சார். இவன் வயசுப் புள்ளைங்க எல்லாம் வேன் ஏறிட்டாங்க. எத்தினி நாளுதான் இவன் ஒருத்தனே ஓடி, இவன் ஒருத்தனே தொட்டுக்கினு இருப்பான்?"

மொழி, பண்பாடு, உரிமை என்று எங்கள் அறிக்கையில் எல்லாவற்றுக்கும் அத்தியாயம் இருக்கிறது, ஓடிப்பிடித்து விளையாட இன்னொரு பிள்ளை வேண்டும் என்பதை எதில் சேர்ப்பது என்றுதான் மேடத்திடம் இன்னும் கேட்காமல் இருக்கிறேன்.