கலியமூர்த்தியின் தோல் உறை

2024 ஆகஸ்ட் 19 – ஸ்பிரிட், பஞ்சு – ரூ. 85
ஆகஸ்ட் 22 – பல்குச்சி – ரூ. 30
ஆகஸ்ட் 27 – தோல் மெழுகு – ரூ. 340
செப்டம்பர் 3 – மோச்சி, தையல் கூலி – ரூ. 150
செப்டம்பர் 9 – பார்சல் தபால் – ரூ. 212

இத்தனையும் ஒரு பழைய கேமராவின் தோல் உறைக்காகப் பரமசிவம் செய்த செலவு. கேமராவும் அவருடையதில்லை, உறையும் அவருடையதில்லை.

இரண்டும் கலியமூர்த்தியுடையவை. டெல்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் பரமசிவத்துக்கு எதிர்வீட்டுக்காரர். 1989-இல் ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தபோது, "அந்த ஊரு ஈரத்துல தோலு பூத்துப்போயிடும் பரமு. டெல்லி காஞ்ச ஊரு. உங்கிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். பரமசிவத்துக்கு அமைச்சகத்தில் ஆவண அறை உத்தியோகம். அவர் கைக்குப் போன கோப்பு காணாமல் போனதாகச் சரித்திரம் இல்லை. கலியமூர்த்தி ஓய்வு பெற்று நேரே மயிலாடுதுறைக்குப் போய்விட்டார். 'அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்கிறேன்' என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினாரே தவிர, வரவேயில்லை.

இந்த ஆகஸ்டில் அவர் மகள் மேகலா எழுதியிருந்தாள். அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டே வருகிறது. 'கேமராவுக்கு இனி பிலிம் எங்கே கிடைக்கப்போகிறது, அது எப்படி இருந்தாலும் சரி என்கிறார். அந்தத் தோல் கேஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் டெல்லியெல்லாம் சுற்றினாராம். பார்வை இருக்கும்போதே அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம்.'

பரமசிவம் இப்போது இருக்கும் முனிர்க்கா வீட்டில் பீரோவின் மேல்தட்டில் இருந்தது பொட்டலம். பிளாஸ்டிக் பையைப் பிரித்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. உறை முழுக்க வெள்ளை பூத்திருந்தது. பித்தளைப் பொத்தானில் பச்சைக் களிம்பு. வார் தையல் விட்டுத் தொங்கியது. மூடியின் நடுவில் சந்தனம் அடுக்கடுக்காய்க் காய்ந்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொருக்காகிக் கிடந்தது. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் தையல் மிஷின், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் எல்லாவற்றோடும் இதற்கும் பொட்டு வைத்த பலன். ஏணியில் ஏற முடியாமல் கடைசி மூன்று வருஷமாகத்தான் இறக்கவில்லை.

"தங்கம், பாத்தியா? உன் சந்தனம் பண்ணின வேலையை."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கே! 'மூர்த்தியோட சாமான், பெரிசா வை'ன்னு பக்கத்துல நின்னு சொன்னது யாரு?"

"ஈரத்தோட பையில போட்டா என்ன ஆகும்?"

"போட்டது நீங்க. ஊரெல்லாம் மறுநாள் காலைலதான் சாமானை எடுப்பாங்க. உங்களுக்கு மட்டும் கற்பூரம் அணையறதுக்குள்ள பீரோவுக்குள்ள போயாகணும். இன்னொருத்தர் பொருள் ராத்திரி வெளிய கெடக்கக் கூடாதாம்!"

நடந்தது அதேதான்.

மறுநாளிலிருந்து பால்கனி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பூஞ்சையைத் துடைத்தார். துடைத்த இடம் இரண்டு நாளில் மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தார். களிம்பைப் பல்குச்சியால் நெம்பி எடுக்கும்போது விரல் பிடித்துக்கொள்ளும். குச்சியைக் கீழே வைத்துவிட்டு நீவிவிட்டுக்கொள்வார். எழுபத்தொன்பது வயது. ஆகஸ்ட் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பதே ஒரு வேலை.

"ஃபேன்ல தூசி தொங்குது. அதைத் துடைக்க இந்த வீட்டுல ஆள் இல்லை" என்று தங்கம் உள்ளேயிருந்து சொல்வாள். சொல்லிவிட்டு டீயும் கொண்டுவந்து வைப்பாள்.

சந்தனப் பொருக்கைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி ஊறவைத்து எடுத்தபோது, அடியில் இருந்த தோலும் மூக்குப்பொடி போல உதிர்ந்து கூடவே வந்துவிட்டது. மூடியில் ஒரு குழி. மெழுகைத் தடவித் தேய்த்ததில் சுற்றிலும் பளபளப்பு வந்தது. குழி மட்டும் அப்படியே இருந்தது.

செக்டர் மார்க்கெட் வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கும் மோச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாபுஜி, இந்த மூடி ரொம்ப நாள் தாங்காது. இதே நிறத்துல தோல் இருக்கு. புது மூடியே போட்டுடறேன். பழசா புதுசான்னு யாருக்கும் தெரியாது" என்றான் இந்தியில்.

சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முதுகு விண்ணென்று வலித்தது. இன்றோடு இது ஒழிந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் மூர்த்தி பார்க்க ஆசைப்படுவது அவனுடைய உறையை. செக்டர் மார்க்கெட் மூடியை அவன் எதற்குப் பார்க்க வேண்டும்? அதுவும் மிச்சமிருக்கிற பார்வையைச் செலவழித்து?

"மூடியைத் தொடாதே. வாரை மட்டும் பழைய ஓட்டையிலேயே தைத்துக் கொடு."

"உங்க இஷ்டம். சர்க்கார் ஆளுங்களுக்குப் பழசுன்னா உயிராச்சே" என்று மோச்சி ஊசியில் மெழுகு நூலைக் கோத்தான்.

குழி எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் நாலு வரியில் எழுதி உள்ளே வைத்தார். கேமராவைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி உறைக்குள் வைத்து, அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்பினார். அதற்குப் பிறகு வாசலில் பைக் நின்றாலே எழுந்துபோய்ப் பார்த்தார். பாதி நாள் கூரியர்காரன், பாதி நாள் எதிர்வீட்டுப் பையன்.

கடைசியில் மேகலாவின் கடிதம் வந்தது. தங்கம் கேட்பதற்காக வாய்விட்டே படித்தார்.

'மாமா, பார்சல் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு இப்போது எல்லாம் நிழல் மாதிரிதான் தெரிகிறது. ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கறுத்துவிட்டது என்றார். பிறகு விரலால் தடவிக் குழியைக் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். "பரமு வீட்டுல எனக்கு வருஷா வருஷம் பூஜை நடந்திருக்குடி" என்று ஒரே சிரிப்பு. கேமராவை எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டார். உறைக்குள் இப்போது கண் சொட்டு மருந்துதான் இருக்கிறது. நாள் முழுக்கக் கழுத்திலேயே மாட்டியிருக்கிறார், தூங்கப் போகும்போதுதான் கழற்றுகிறார். கடிதத்தை அவரால் இனிமேல் படிக்க முடியாது. போனில் பேசச் சொல்கிறார். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன்.'

"சொட்டு மருந்தா?" என்றாள் தங்கம். "ஒழுகினா தோல் என்னத்துக்காகும்? மூணு வாரம் உக்காந்து தேச்சீங்களே!"

"ஒழுகட்டும்" என்றார் பரமசிவம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, ஆவண அறைப் பழக்கம் விடாமல், கடிதத்தின் மேல் மூலையில் அது வந்த தேதியைக் குறித்தார்: 2024 செப்டம்பர் 27.