ருஷ்யாக்காரன் விட்ட நிலாவும் என் கல்யாணமும்

ஐப்பசியில் எனக்குக் கல்யாணம் என்று பத்திரிகை அடித்து, காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தும் ஆகிவிட்டது. ஐம்பத்தேழு ஆகஸ்டில் எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சூடு ஆறவில்லை. அதற்குள் ருஷ்யாக்காரன் ஒரு செயற்கை நிலாவை வானத்தில் விட்டான். எனக்கு மாமனாராக வரவிருந்தவர் கல்யாணத்தை நிறுத்திவைத்தார்.

அவர் புக்கிட் ரம்பாயில் ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகன். தமிழ்ப் பேப்பரை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். பஞ்சாங்கத்தையும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் படித்ததுதான் வினை. எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டினார்.

“இதுல ஒரு சந்திரன்தான் போட்டிருக்கு. இப்ப மேல ரெண்டு சுத்துது. எந்தச் சந்திரனுக்குங்க நான் நாள் பாக்கறது? அது விழட்டும், அப்புறம் வச்சிக்கலாம்.”

அப்பா தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ எதையோ சுற்றவிட்டதற்கு நான் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்? பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று தெருவில் பேச்சுக் கிளம்பிவிட்டது. மளிகைக் கடை நானாகூட, “எப்ப தங்கச்சி விழுது?” என்று கேட்டார்.

அது விழவில்லை. அடுத்த மாதமே ருஷ்யாக்காரன் இன்னொன்றையும் விட்டான், உள்ளே ஒரு நாயோடு. போச்சு, இந்த ஜென்மத்தில் எனக்குக் கல்யாணம் இல்லை என்று அழுதே விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் பஸ் பிடித்துத் தனியாக வந்தார். கையில் பஞ்சாங்கம் இல்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா காப்பி கலக்க உள்ளே போனாள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் அப்பாவிடம் பெண் வாய் திறப்பது எங்களுக்குள் வழக்கமில்லை. நான் கதவோரம் நின்றபடியே கேட்டுவிட்டேன்.

“இப்ப ரெண்டாச்சு மாமா. நாயும் ஒரு கிரகமா?”

அவர் சிரிக்கவில்லை.

“அந்த நாய் செத்துப்போச்சும்மா. பேப்பர்ல போட்டிருக்கான். திரும்பி வர வழியே வைக்காமத்தான் அனுப்பியிருக்கானுங்க. பக்கத்துல ஒரு ஆள் இல்ல. அதப் படிச்சதிலேருந்து எனக்குச் சோறு எறங்கல.”

ஒரு நாய்க்கா இத்தனை துக்கம் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உன்கிட்ட மறைக்க என்னம்மா இருக்கு. சந்திரனும் இல்ல, கிரகமும் இல்ல. கல்யாணம் ஆனா என் மகன் டவுன்ல வீடு பாத்துக் கிளம்பிடுவான். அந்த வீட்டுல நான் ஒத்தையா... வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் நாளத் தள்ளிக்கிட்டே இருந்தேன்.”

அவரைத் திட்ட எத்தனையோ சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன். அவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது அந்த நிமிடத்தில்தான். என் கணவர்மேல் வந்ததே அதற்குப் பிறகுதான்.

“ரெண்டு ரூம்பு உள்ள வீடா பாக்கச் சொல்லுங்க மாமா. நீங்களும் எங்களோடதான்.”

 அவர், அப்பாவிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார்.

“தையில வச்சிக்கலாமாம்மா?”

அம்மா காப்பியோடு வந்தபோது நாங்கள் இருவரும் அழுதுகொண்டிருந்தோம். கல்யாணம் நின்றே போய்விட்டது என்று நினைத்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளும் அழ ஆரம்பித்தாள்.