குளிர்கிறது என்று நினைத்த இன்ஜின்

என் மகளின் இருமலுக்கும் எங்கள் காரில் அடித்த பெட்ரோல் வாடைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் மட்டும்தான் சொன்னேன். அவளுக்கு மூன்று வயது. மூச்சுக்குழாய் சுருங்குகிறது, ஓசூர் குளிருக்கும் தூசிக்கும் நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். ஆனால் காரில் ஏறினால்தான் அவள் அதிகம் இருமுவதாக எனக்குத் தோன்றியது. நிஜமாகவே அப்படித்தானா, நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை.

"உனக்கு இருக்கறது மூக்கா, ஸ்மோக் டிடெக்டரா?" என்றார் கணவர்.

நாங்கள் ஓசூரை அடுத்து, கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் குடியிருக்கிறோம். இங்கே வண்டியில் எது கெட்டாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெட்ரோல்தான் காரணம். "அத்திப்பள்ளில போட்டேன்ல, அதான். இனி நம்ம பக்கமே போடலாம்" என்றார் கணவர். அவரோடு வேலை செய்யும் கர்நாடகாக்காரர்கள் தமிழ்நாட்டுப் பெட்ரோலைத்தான் குறை சொல்வார்களாம். பங்க்கை மாற்றினோம். வாடை போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகரசம்பட்டியில் அம்மா வீட்டிலிருந்து திரும்பினோம். கிருஷ்ணகிரி தாண்டி மேடு ஏறும்போது வண்டி விக்கல் எடுத்ததுபோல் விட்டுவிட்டு உதறியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், கறுப்புப் புகை. பின்சீட்டில் அவள் இருமினாள். வண்டி இங்கேயே நின்றுபோய், இவளுக்கும் மூச்சு இழுத்தால்?

மெக்கானிக் இன்ஜினின் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிக் காட்டினார். மூன்றிலும் மை பூசியது போலக் கரி. "பெட்ரோல் அதிகமா குடிக்குது, பாதி எரியாமலே போவுதுங்க" என்று சொல்லிப் புதிது போட்டார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு அதே உதறல், அதே வாடை.

இரண்டாம் முறை நானும் மகளோடு போனேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எரர் ஒண்ணுமே இல்லீங்களே சார்" என்றார் மெக்கானிக்.

"நான் சொன்னேன்ல, பெட்ரோல்தான்" என்று கணவர் என்னைப் பார்த்தார்.

நான் பானெட்டில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். வீட்டில் தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்று காட்டினாலும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பழக்கம்தான். "இன்ஜின் சூடு எவ்வளவுன்னு அதுல காட்டுமாங்க?" என்று கேட்டேன். கேட்டதும், தேவையில்லாமல் கேட்டுவிட்டோமோ என்று கூச்சமாக இருந்தது.

அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இருபத்தெட்டு டிகிரிங்குது! இந்தக் கொதிப்புக்கா?" சிரித்துவிட்டார். "சூடு பாக்குற சென்சார் போயிடுச்சு மேடம். இன்ஜின் கொதிச்சாலும் குளிருதுன்னே சொல்லிட்டு இருக்குது. குளிர்ல இன்ஜினுக்கு பெட்ரோல் அதிகமா வேணும்ல, அத நம்பி வண்டி ஊத்திட்டே இருக்குது. நீங்க பாப்பாக்கு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டிருக்கீங்களே, அந்த மாதிரி."

கணவர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மகளின் கழுத்தோரம் வேர்த்திருந்தது. மேல் ஸ்வெட்டரைக் கழற்றினேன். காற்று பட்டதும் பயம் வந்து, திரும்பப் போட்டுவிட்டேன்.

சென்சார் மாற்றிய பிறகு வண்டி உதறவில்லை. திரும்பி வரும்போது ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். வாடையே இல்லை. "இப்ப திருப்தியா? உன் மூக்குக்கு மாலை போடணும்" என்றார் கணவர். நான் சொன்னது சரியாகப் போனது அபூர்வம். கொஞ்ச தூரம் அந்தச் சந்தோஷத்திலேயே வந்தேன்.

ஜூஜுவாடி நெருங்கும்போது பின்சீட்டில் மகள் இருமினாள். முதலில் ஒன்று, பிறகு விடாமல்.

"பழைய வாடை சீட்ல ஒட்டிட்டு இருக்கும்" என்றேன். நான் கண்ணாடியை இறக்கினேன். லாரிப் புகை உள்ளே வந்தது. ஏற்றினேன். காரில் மிச்சமிருந்தது அவள் இருமல் மட்டும்தான். அது காரால் வந்ததாகவே இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.