சார்ஜிங் நிலையத்துக்கு நாலு காகிதம்

என் மனைவி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து, "கேட்டியளா, நான் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் போடப்போறேன்" என்றபோது நான் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது. வலித்ததா என்பது நினைவில்லை. முகமெல்லாம் வியர்வையும் கண்ணெல்லாம் சந்தோஷமுமாக அவள் நின்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு அவள் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். அன்று தனுவச்சபுரத்தில் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஊருக்குள் ஏறும் மேட்டில் சார்ஜ் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். பின்னால் வந்த மின்சார ஆட்டோ ஒன்று நின்றது. கல்லூரிப் பிள்ளைகளை பஸ் நிறுத்தத்தில் ஏற்றி இறக்குகிற ஆட்டோ. ஓட்டுவது ஒரு பெண்.

"டீச்சரே, கயிறு கெட்டி இழுத்துக்கிட்டு போயிரலாம். ஆனா எனக்க வண்டியிலயும் ரெண்டு கட்டம் சார்ஜ்தான் உண்டு" என்றாளாம் அவள்.

அந்த ஆட்டோக்காரப் பெண் தினமும் மத்தியானம் சார்ஜ் போட வீட்டுக்குப் போய்விடுவாள். கல்லூரி விடுகிற நேரத்தில், ஓட்டம் நன்றாகக் கிடைக்கும் வேளையில், அவளுடைய வண்டி வீட்டு முற்றத்தில் வயரோடு நிற்கும். பக்கத்தில் சார்ஜ் போட வேண்டுமென்றால் நெய்யாற்றின்கரைப் பக்கம் போகவேண்டும். போய்த் திரும்பினால் போட்ட சார்ஜில் பாதி தீர்ந்திருக்கும். இரண்டு பெண்களும் நடுமேட்டில் நின்று இதைப் பேசிப் பேசிக் கோபப்பட்டு, கடைசியில் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் ரோட்டோரத்து நிலம் அவள் நினைவுக்கு வந்திருக்கிறது.

பதின்மூன்று சென்ட். பழைய ரப்பர் ஷீட் புகைக்கூடம் இடிந்தபிறகு அங்கே ஒரு பலாமரமும் செடிகொடிகளும்தான் இருந்தன. அதற்கு அப்புறம் மாநில எல்லைக்கல்; நாங்கள் கேரளத்துப் பக்கம். எங்கள் பலாப்பழம் சில சமயம் தமிழ்நாட்டில் விழும். அவள் ஓய்வுபெற்ற வருடம் நான் அந்த நிலத்தை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

மறுநாளே அவள் விசாரிக்கக் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தபோது துள்ளாத குறை. சார்ஜிங் நிலையத்துக்கு அனுமதி வாங்க முன்பெல்லாம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கவேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். இப்போது எங்கள் பஞ்சாயத்தில் எல்லாம் ஒரே கவுண்டர். ஒரு பக்கத்தில் விண்ணப்பம். நிலவரி ரசீது, உடைமைச் சான்று, இடத்தின் வரைபடம், மின்வாரியத்தின் ஒப்புதல் கடிதம் என்று நாலு காகிதம். ஏழு வேலை நாளில் அனுமதி கையில்.

"நாலே நாலு!" என்று விரலை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினாள். நானும் சேர்ந்துதான் குதித்தேன். பலாமரத்தடியில் பெஞ்சு போடலாம், வண்டி சார்ஜ் ஏறும்வரை உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுக்குக்காப்பி கொடுக்கலாம் என்று இரவுச் சாப்பாடு முழுக்க அதே பேச்சு.

மின்வாரியத்து உதவிப் பொறியாளரான பெண்மணி ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். கைவசம் ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் அனுமதி வந்தால் எங்களுக்கு. வராவிட்டால் ஒற்றசேகரமங்கலத்தில் காத்திருக்கிற இன்னொருவருக்கு. அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இனி என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஆண்கள் சர்க்கார் குமாஸ்தாக்கள். நான்தான் உரக்கடை வைத்துக் குலத்தைக் கெடுத்தவன். ஆனாலும் ரத்தம் எங்கே போகும்? ரேஷன் கார்டில் ஓர் எழுத்தைத் திருத்தப் போன இடத்தில் தன் பள்ளி இறுதிச் சான்றிதழின் நகலையும் சேர்த்துக் கொடுத்தவர் என் அப்பா. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. எங்களிடம் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதில் இல்லாத காகிதம் இந்தத் தாலுகாவிலேயே இல்லை என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு.

விண்ணப்பத்தை அவளே எழுதி, நாலு காகிதத்தையும் வைத்து, கவரை என்னிடம் தந்தாள். அவளுக்கு மின்வாரிய அலுவலகத்தில் ஏதோ வேலை இருந்தது. "கவுண்டர்ல குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வாருங்க, அவ்வளவுதான்" என்றாள்.

நான் கவரைத் திறந்து பார்த்தேன். விண்ணப்பமும் நாலு தாளும். மெலிந்து கிடந்தது. இப்படி ஒரு விண்ணப்பத்தை எந்த அதிகாரி மதிப்பார்? பெட்டியைத் திறந்தேன். பாகப்பத்திரத்தின் நகல், முந்தைய வருடங்களின் வரி ரசீதுகள், நான் அவளுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம், எங்கள் இருவரின் அடையாள அட்டைகள், அவள் ஓய்வுபெற்ற உத்தரவு, எல்லாவற்றுக்கும் மேலே என் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு முகப்புக் கடிதம். மொத்தம் இருபத்தேழு தாள். கவர் போதாமல் துணிப்பையில் கொண்டுபோனேன்.

கவுண்டரில் இருந்த இளம்பெண் என் பையைப் பார்த்து மலையாளமும் தமிழும் கலந்து, "சாரே, நாலு பேப்பர் மதி, அது போதும், இவ்வளவு வேண்டா" என்றாள்.

"இருக்கட்டும் மோளே, கூட இருந்தா நல்லதாக்கும்."

"தந்தா எல்லாத்தையும் ஸ்கேன் செய்யணும் சாரே. செய்தா எல்லாத்தையும் வாசிக்கணும்."

"வாசிக்கட்டும்!" என்றேன் நான், கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் சாப்பிட்டுப் போகச் சொல்வதுபோல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே உற்சாகம். அவளுக்குத் தெரியாமலே அவளுடைய காரியத்தை உறுதிப்படுத்திவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

நாலாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. செய்தி அவள் போனுக்குத்தான் வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"இஞ்ச வாருங்க" என்று கூப்பிட்டாள். "பாகப்பத்திரத்தில தென்கிழக்கு மூலை ரெண்டு சென்ட் எல்லைக்கு அந்தப் பக்கம் கிடக்குன்னு எழுதியிருக்காம். சர்வேயர் அளந்து சொன்னபிறகுதான் அனுமதியாம். நான் பாகப்பத்திரம் வச்சனா?"

அந்த ரெண்டு சென்ட் இப்போது எங்களுடையதே இல்லை. அந்தப் பக்கத்தில் இருக்கிற என் சித்தப்பா மகனுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று. இன்றைய வரி ரசீதிலும் வரைபடத்திலும் எல்லாம் சரியாக இருந்தது. அவள் வைத்த நாலு காகிதத்தில் ஒரு குற்றமும் இல்லை. நான் வைத்த பழைய பத்திரம்தான் இல்லாத சிக்கலை உண்டாக்கியிருந்தது.

"கூட இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தேன்.

"வேற என்னெல்லாம் வச்சியள்?"

சொன்னேன்.

"எனக்க ரிட்டயர்மெண்ட் ஆர்டரா? சார்ஜர் போடுறதுக்கா? பின்ன உங்களுக்க கொள்ளுத்தாத்தாவையும் பையில போட்டு அனுப்பியிருக்கலாமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. அவள் சிரிக்கவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் பிள்ளையளப் படிப்பிச்சவ நான். நாலு பேப்பர் எண்ணத் தெரியாதா எனக்கு? நீங்க என்னைய நம்பல்ல. அதாக்கும் விஷயம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிரான்ஸ்ஃபார்மர் போனால் போகிறது, இன்னொன்று என்றைக்காவது வரும். அவள் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குடைந்தது. உண்மை என்பதால் குடைந்தது. நிலத்தை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்ததை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அவள் எழுதிய ஒரு பக்கத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றே அவள் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பஞ்சாயத்துக்குப் போனேன். கவுண்டர் பெண் நடந்ததைக் கேட்டுவிட்டு வழி சொன்னாள். பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், புதிதாகக் கொடுக்கலாம். ஏழு வேலை நாள் என்று கணக்குப் பார்த்தால் மாதம் தாண்டிவிடும். "பேப்பர் சரியா இருந்தா அதுக்கு முன்னயும் கிட்டும்" என்றாள், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

"ஒரு வரியை நீங்களே எழுதுங்க. கூட்டினவரே குறைக்கட்டு" என்று மனைவி பேனாவை என்னிடம் நீட்டினாள்.

எழுத உட்கார்ந்தேன். கை தானாக "மேற்படி விஷயம் தொடர்பாகத் தாழ்மையுடன்" என்று ஆரம்பித்துவிட்டது. அடித்தேன். இன்னொரு தாள் வாங்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சின்னதாக ஒன்றை எந்த அலுவலகத்துக்கும் நான் எழுதியதில்லை. அவள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு புதிய விண்ணப்பத்தையும் நாலு காகிதத்தையும் தன் கையாலேயே கொடுத்தாள். கவரை நான் தொடக்கூட விடவில்லை.

மாதத்தின் கடைசி வேலை நாள், மத்தியானம் மூன்று மணி. அவள் போன் சத்தம் போட்டது. வாசித்தவள் "கிட்டிப்போச்சு!" என்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அனுமதி! ஒரே ஒரு பக்கம்! ஜெராக்ஸ் கடைக்கு ஓடி அச்செடுத்தோம். ஐந்து மணிக்குள் மின்வாரிய அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். ஸ்கூட்டரில் இரண்டு கட்டம் சார்ஜ்தான் இருந்தது. போகலாமா என்று நான் கேட்பதற்குள் அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். பின்னால் உட்கார்ந்து அந்த ஒற்றைத் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். இறக்கத்தில் காற்று அடித்தபோது நான் சின்னப்பிள்ளை மாதிரி ஊளையிட்டேன். அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா, என்னைத் திட்டுகிறாளா என்று தெரியவில்லை. அலுவலகத்துக்கு நூறடி முன்னால் வண்டி நின்றது. மிச்சத்தைத் தள்ளிக்கொண்டே ஓடினோம்.

மூச்சிரைக்க நான் தாளை நீட்டியபோது உதவிப் பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார். "இது என்னத்துக்கு? மூணு மணிக்கே எனக்க கம்ப்யூட்டர்ல வந்தாச்சே. டிரான்ஸ்ஃபார்மர் உங்க பேர்ல போட்டாச்சு" என்றார்.

காகிதமே வேண்டாமாம்! மூன்று தலைமுறை குமாஸ்தாக்களும் என் தலைக்குமேல் நின்று விழித்திருப்பார்கள். எனக்கோ அங்கேயே ஓர் ஆட்டம் போடலாம் போல இருந்தது.

சரியாக ஒன்றரை மாதத்தில் பலாமரத்தடியில் சார்ஜர் நின்றது. முதல் வண்டி அந்த ஆட்டோக்காரப் பெண்ணுடையதுதான். கல்லூரி விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்தாள். என் மனைவியே வயரை எடுத்துச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. "டீச்சரே, இனி வீட்டுக்கு ஓடண்டாம்" என்று அவள் சொல்லும்போது குரல் உடைந்தது. சுக்குக்காப்பியில் நான் சர்க்கரை போட மறந்துவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

ஆனாலும் வீட்டில் ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது. அவள் தன் காகிதம் எதையும் என் கையில் தருவதில்லை. மின்வாரியத்துக்கானாலும் பஞ்சாயத்துக்கானாலும் தானே கொண்டுபோவாள். நானும் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது?

போன வாரம்தான் அது மாறியது. கூட்டம் தாங்காமல் இன்னொரு சார்ஜர் வைக்க அவள் விண்ணப்பம் எழுதினாள். காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது கவரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "போற வழியில பஞ்சாயத்தில குடுத்துருங்க" என்றாள், சாதாரணமாக. கவர் ஒட்டியிருக்கவில்லை. வாய் திறந்தே இருந்தது.

பஸ்ஸில் வழியெல்லாம் அந்தத் திறந்த கவர் என் மடியில் கிடந்தது. கை பரபரத்தது. பார்க்கவில்லை. கவுண்டரில் அப்படியே நீட்டினேன். அதே பெண் காகிதங்களை எடுத்து ஒருமுறை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"சாரே, மூணுதான் உண்டு. வரி ரசீது இல்லியே" என்றாள்.

மனைவிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ, மேசைமேலயே இருக்கு! எண்ணிப் பாக்கல்லியா நீங்க?" என்றாள்.

"இல்ல" என்றேன். "கவரைத் திறந்தே பாக்கல்ல."

அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை அவளால். "அங்கயே நில்லுங்க, நான் கொண்டு வாறேன்" என்று சிரிப்புக்கு நடுவே சொன்னாள்.

நான் பஞ்சாயத்து வாசலில் வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் வளைவில் திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.