திருடனாக நின்ற ஞாயிற்றுக்கிழமை

எங்கள் நாயின் கழுத்தைச் சுளுக்க வைத்தது நான்தான். அப்போது இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு முழு நாள் ஆனது. இப்போது முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

துடியலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு, எடை எண்பத்தெட்டு கிலோ. நாய் பெல்ஜியன் மாலினாய், மூன்று வயது, இருபத்தெட்டு கிலோ. சும்மா உட்காரத் தெரியாத இனம். வந்த வருடமே ஒரு சோபாவையும் என் ஸ்கூட்டர் சீட்டையும் தின்று முடித்தது. "இவனுக்கு ஏதாச்சும் வேலை குடுக்கோணுமுங்க. இல்லாட்டி ஊட்டையே தின்னுபோடுவான்" என்றாள் மனைவி. அப்படித்தான் மதுக்கரைப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு மைதானத்துக்கு, ஞாயிறு காலைகளில் காவல் நாய் விளையாட்டுப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தோம், நானும் நாயும்.

விளையாட்டு இதுதான். ஒருவர் திருடனாக நிற்பார். அவர் கையில் சணல் துணி சுற்றிய தடித்த உறை இருக்கும். சொன்னதும் நாய் ஓடிப்போய் அந்த உறையைக் கவ்வ வேண்டும், விடச் சொன்னதும் விட வேண்டும். திருடன் எப்போதும் எங்கள் பயிற்சியாளர்தான். ஒல்லியான இளைஞர். நாய் பாய்ந்து கவ்வும் அந்த நொடியில் ஒரு சுற்றுச் சுற்றுவார். நாயும் அவரோடு காற்றில் அரைவட்டம் அடித்து மெத்தென்று தரையில் இறங்கும். ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்ததில், அதை நானும் செய்வேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த ஞாயிறு பயிற்சியாளர் யாருடனோ போனில் பேசிக்கொண்டே தோப்புக்குள் போனார். உறை புல்மேல் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். உக்கடத்தில் அத்தர் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரும் தன் நாயோடு அங்கே வருவார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் கையில் என் நாயின் கயிற்றைக் கொடுத்தேன்.

"வேண்டாமுங்க, அவரு வந்துரட்டும்" என்றார் பாய்.

"அட, ஒரே ஒரு தடவைங்க பாய்."

"நாயும் உங்களுது, கையும் உங்களுது. நான் கயித்தை விடுறதோட சரிங்க."

ஐம்பது அடி தள்ளிப் போய் நின்று, உறையை ஆட்டிக் காட்டினேன். எங்கள் நாய்க்கு ஆள் யாரென்பது பொருட்டில்லை, உறைதான் முக்கியம். பாய் கயிற்றை விட்டார். அது வந்த வேகத்தைப் பார்த்ததும் சுற்ற வேண்டும் என்பது எனக்கு மறந்தேபோனது. கண்ணை மூடிக்கொண்டு மின்கம்பம் போல் நின்றேன். நெஞ்சில் மூட்டை விழுந்தது போல் ஒரு மோதல். கூடவே ஒரு சின்ன 'கிய்ங்'. கண்ணைத் திறந்தபோது நாய் உறையை விட்டுவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் ஓடி வந்து அதன் கழுத்தை மெல்லத் தடவிப் பார்த்தார். திட்டவில்லை. "சொவுரு மாதிரி நின்னுட்டீங்கண்ணா. அவ்வளவு வேகமும் எங்க போகும்? அவன் கழுத்துக்குத்தான் போகும். இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டிருங்க. வீட்டுல அக்காகிட்டயும் சொல்லிருங்க" என்றார். இரண்டுக்கும் சரி என்று தலையாட்டினேன். இரண்டையும் செய்யவில்லை.

வீட்டில் சோற்றுக் கிண்ணத்தின் முன்னால் நாய் நின்றது, குனிய முடியவில்லை.

"ஏனுங்க, பையன் ஏன் தலையைக் குனிய மாட்டேங்கிறான்?"

"கேட்டுல முட்டிக்கிட்டான் அம்மணி."

மனைவி வாசலுக்குப் போய் கேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியை இழுத்து அதன்மேல் கிண்ணத்தை வைத்தாள். நாய் நின்றபடி சாப்பிட்டது. நானும்தான்.

திங்கட்கிழமை காலை அவளே மருத்துவமனைக்குக் கிளம்பினாள். காரை நான் ஓட்டினேன். மருத்துவர் ஒரு இளம்பெண். கழுத்தை அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை, தசையில்தான் அடி என்றார். எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"கேட்டுல முட்டிக்கிட்டானாமுங்க" என்றாள் மனைவி.

மருத்துவர் எழுதிக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழமை இங்க வர்ற பெரிய நாய் பூராவும் கேட்டுலதான் மேடம் முட்டுது. ஞாயித்துக்கிழமையானா கோயமுத்தூர்ல கேட்டெல்லாம் எந்திரிச்சு நடமாடுதோ என்னமோ." பிறகு என்னைப் பார்த்தார். "கேட்டு எத்தனை கிலோ இருக்குமுங்க சார்?"

"எண்பத்தெட்டுங்க" என்றேன்.

மூன்று வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கழுத்துப்பட்டை கூடாது, உடம்பில் மாட்டும் பட்டைதான். மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தோம். கவுண்டம்பாளையம் தாண்டும்போது மனைவி நாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வலிச்சப்ப அவன் உங்களையத்தான பார்த்தான்?"

"ஆமா."

பின் சீட்டில் நாய் விறைப்பாக, திரும்பாமல், நேர்ப்பார்வை பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை நானும் மைதானத்துக்கு வாரேன்" என்றாள். "பையன் ஊட்டுல இருக்கட்டும். நீங்க மட்டும் போதும்."

சொன்னபடி வந்தாள். பயிற்சியாளரிடம் நேராகப் போய், "தம்பி, இவருக்கு நிக்கப் பழக்கிக் குடுங்க" என்றாள். புதிதாகத் திருடன் வேலை பழகுகிறவர்களை முதலில் நாயின் முன்னால் விடுவதில்லையாம். சாக்கில் மணல் நிரப்பி, புளியமரக் கிளையில் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கவிட்டு, அதை இழுத்து விடுவார்களாம். "உங்க நாய் என்ன எடைங்கக்கா?" என்று கேட்டு, சரியாக இருபத்தெட்டு கிலோவுக்கு மணலை நிறுத்துப் போட்டார். சாக்கை இழுத்துவிட ஓர் ஆள் வேண்டும். மனைவி அதற்குள் சேலையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

முதல் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பற்கள் இடித்துக்கொண்டன, பின்கழுத்தில் ஏதோ சுண்டியது.

"ஏனுங்க பாய், கேட்டு உழுந்திருச்சு பாருங்க" என்றாள் மனைவி.

பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னொன்னு உடட்டுங்களா?" ஒவ்வொரு தடவையும் இப்படி மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் விட்டாள். பன்னிரண்டாவது தடவை இடது காலைப் பின்னால் வைத்து லேசாகத் திரும்பினேன். சாக்கு என் தோளைத் தடவிக்கொண்டு போயிற்று. "இதாண்ணா!" என்று கத்தினார் பயிற்சியாளர். அந்த வாரம் முழுக்க என்னாலும் குனிய முடியவில்லை. மனைவி நாய்க்கு ஒத்தடம் கொடுத்த கையோடு எனக்கும் கொடுத்தாள். முதலில் நாய்க்கு, பிறகுதான் எனக்கு.

மூன்று வாரம் கழித்து மருத்துவர் கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். நாய் அவர் கையை நக்கியது. நடக்கலாம், மெல்ல ஓடலாம் என்றார். பாய்ச்சலுக்கு இனி அனுப்புவதில்லை என்பது மனைவியின் தீர்ப்பு. நான் மேல்முறையீடு செய்யவில்லை. அப்படியானால் தடம் பிடிக்கப் பழக்கலாம் என்றார் பயிற்சியாளர். ஒருவர் வயல்காட்டில் நடந்துபோக, அவர் காலடி வாசனையை மோந்துகொண்டே நாய் பின்னால் போக வேண்டும். மோதலும் இல்லை, குதிப்பதும் இல்லை.

இப்போது ஞாயிறுகளில், சோளம் அறுத்த காட்டில் மனைவி முன்னால் போய்த் தடம் போடுகிறாள். அரைமணி நேரம் கழித்து, நீளக் கயிற்றைப் பிடித்தபடி நாயோடு நான் போகிறேன். அது மூக்கை மண்ணில் வைத்து, கழுத்தைத் தாராளமாக வளைத்து, இங்கே அங்கே பார்க்காமல் போகும். போன வாரம் தண்ணீர் பாய்ச்சியிருந்த வயலுக்குள் வேண்டுமென்றே தடத்தைத் திருப்பியிருக்கிறாள். நாய் சுத்தமாகக் கடந்துவிட்டது. நான் முழங்கால்வரை சேற்றில் புதைந்து ஒரு செருப்பை விட்டேன். அக்கட்டால, வயலுக்கு அந்தப் பக்க வரப்பில் நின்றிருந்தவள், "நல்ல பையன் சாமி, நல்ல பையன்!" என்று கைதட்டினாள். எனக்கு அல்ல.